நாலுக்குக் கீழே ஒரு தேசம்

நவம்பர் 2

சல்தோவ் நகருக்கு வந்து சேர்ந்தாயிற்று. வெர்கோவியக் குடியரசின் தலைநகர். கம்யூனிஸ்ட் ஆட்சி கவிழ்ந்தபோது ஐரோப்பாவின் கிழக்கு ஓரத்தில் உதிர்ந்த துண்டுகளில் ஒன்று இந்த நாடு. பாளையங்கோட்டையில் என்னை வழியனுப்ப வந்தவர்களில் ஒருவர்கூட அது எங்கே இருக்கிறது என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்கும் சங்கடம்தான்.

வேலை இதுதான். வியன்னாவில் ஒரு நிறுவனம் ஆட்சிகளுக்கு மார்க் போடுகிறது. ஒன்று என்றால் கலப்படமில்லாத ஜனநாயகம். ஏழு என்றால் கலப்படமில்லாத சர்வாதிகாரம். இருபத்தெட்டு வருஷம் பிள்ளைகளின் விடைத்தாளைத் திருத்திய அரசியல் பேராசிரியனுக்கு இப்போது ஒரு முழு நாட்டைத் திருத்தக் கொடுத்திருக்கிறார்கள். முன்பு வந்த ஐரோப்பியர்களை ஒருதலைப்பட்சமானவர்கள் என்று இந்த அரசு திருப்பி அனுப்பிவிட்டது. யாருக்கும் வேண்டாதவன் ஒருவன் தேவை என்றதும் என் பெயர் தானாக மேலே வந்திருக்கிறது. கூட்டுறவுச் சங்கங்களில் போட்டியின்றித் தேர்வாகும் தலைவர்களைப் பற்றி நான் எழுதிய கட்டுரையை வியன்னாவில் யாரோ படித்தார்களாம். என் மனைவி சங்கரவடிவுக்கு அடுத்தபடியாக அதைப் படித்தவர் அவர்தான். வடிவும் பிழை திருத்துவதற்காகத்தான் படித்தாள்.

மார்க் போடுபவர் ஓட்டலில் தங்கக் கூடாது, குடிமக்களோடு குடியிருக்க வேண்டும் என்பது நிறுவனத்தின் விதி. கொல்லர் தெருவில் ஐந்து மாடிப் பழைய கட்டடம். எனக்கு மூன்றாவது மாடி. மதியம் உள்ளே நுழைந்தபோது ஐஸ் பெட்டிக்குள் நுழைந்த மாதிரி இருந்தது. சாயங்காலம் சுவரோரத்து ரேடியேட்டரில் கடகடவென்று சத்தம், பிறகு சூடு. வெளியே எட்டிப் பார்த்தால் எல்லா வீட்டுக் கதவும் திறந்திருக்கிறது. ஆளாளுக்குக் குழாயைத் தொட்டுப் பார்க்கிறார்கள், என்னைப் பார்க்கிறார்கள். ஒருவர் தொப்பியைக் கழற்றினார். என் புகழ் இவ்வளவு தூரம் பரவியிருப்பது எனக்கே தெரியாது.

குறிப்பு: அடிப்படை வசதிகள், நன்று.

நவம்பர் 4

மொழிபெயர்ப்பாளர் வந்தார். சினைதா அர்காதியெவ்னா. அறுபதைத் தாண்டியவர். சோவியத் காலத்தில் மாஸ்கோவில் தமிழ் படித்து, வானொலியில் தமிழ்ச் செய்தி வாசித்தவர். தமிழ்நாட்டைப் பார்த்ததில்லை.

"வணக்கம், மாண்புமிகு பேராசிரியர் பிறவிப்பெருமாள் அவர்களே. தங்கள் பயணம் இனிதே நிறைவுற்றதா?"

"ஆமாங்க, வந்தாச்சு, ஒண்ணும் பிரச்சினை இல்ல" என்றேன்.

அவர் கைப்பையிலிருந்து அகராதியை எடுத்தார்.

கட்டடக் குடியிருப்போர் குழுத் தலைவர் ஸ்டெபான், ஓய்வுபெற்ற டிராம் ஓட்டுநர், ஊறுகாய் ஜாடியோடு வந்து நீளமாக ஏதோ சொன்னார்.

"தலைமுடி துறந்த பெருமகனே, தங்கள் வருகை எங்கள் இல்லங்களுக்கு ஒளியூட்டிற்று என்கிறார்" என்றார் சினைதா.

"நிஜமா என்ன சொன்னார்?"

"வழுக்கை என்றார். மற்றவை ஏறத்தாழ அதேதான்."

நவம்பர் 9

மாற்றத்துக்கான அமைச்சகத்துக்குப் போனேன். கம்யூனிசத்திலிருந்து ஜனநாயகத்துக்கு மாறுவதற்காக ஏற்படுத்திய அமைச்சகம். முப்பது வருஷமாக இயங்குகிறது. புதிய கட்டடம் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். வாசலில் ஜனாதிபதியின் சிலை. பழைய தலைவரின் சிலையை இடுப்பு வரை அறுத்துவிட்டு மேலே இவரை வைத்திருக்கிறார்கள். கீழே அதே கால்சட்டை, அதே பூட்ஸ். மக்கள் பணத்தை வீணாக்கவில்லை.

துணை அமைச்சர் அர்செனி அழகான ஆங்கிலம் பேசினார், அழகான காப்பி கொடுத்தார்.

"எங்களுக்கு ஜனநாயகம் என்ற பட்டம் வேண்டாம், பேராசிரியர். அந்தப் பேராசை எங்களுக்கு இல்லை. நாலுக்குக் கீழே வந்தால் போதும்."

நாலுதான் கோடு. நாலுக்குக் கீழே வந்தால் 'ஜனநாயகத்தை நோக்கி நகரும் கலப்பாட்சி' என்று பெயர். ஐரோப்பாவின் கடன் வரும். நாலைத் தாண்டினால் சர்வாதிகாரம், வராது.

எதிர்க்கட்சித் தலைவரைச் சந்திக்க வேண்டும் என்றேன். "தாராளமாக, பக்கத்து அறைதான்" என்று கதவைத் திறந்துவிட்டார். எதிர்க்கட்சித் தலைவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். போன தேர்தலில் ஜனாதிபதியை எதிர்த்து நின்றவர். பிரசாரக் கூட்டங்களில் ஜனாதிபதிக்கே வாக்களிக்கும்படி கேட்டிருக்கிறார்.

"ஏன் அப்படி?"

"நாட்டு நலன்" என்றார், வாயைத் துடைத்துக்கொண்டு.

நவம்பர் 14

இன்று இரண்டு முறை வெந்நீரில் குளித்தேன். இதற்கும் மார்க்குக்கும் சம்பந்தம் இல்லை.

நவம்பர் 21

அண்டை வீட்டாரைப் பேட்டி எடுக்கிறேன். நான் அழைக்கும்வரை யாரும் காத்திருப்பதில்லை, தாமாகவே வருகிறார்கள். செவ்வாயன்று முதல் மாடிப் பல் டாக்டர் வந்து, இங்கே யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் பேசலாம், நான் ஜனாதிபதியின் பல்லைப் பற்றியே பேசியிருக்கிறேன் என்றார். மார்க்கை 3.4 என்று குறித்தேன். புதனன்று இரண்டாவது மாடித் தையல்காரி வந்து, கதவைச் சாத்தி, வானொலியை உரக்க வைத்து, இங்கே தும்மினாலும் பதிவாகும் என்று கண்ணீர் விட்டார். 5.8. வியாழனன்று ஸ்டெபான் வந்து எங்கள் தேர்தல் போல உலகில் எங்கும் நடக்காது என்றார். அது எந்த அர்த்தத்தில் என்று கேட்பதற்குள் ஊறுகாய் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

என் பட்டியலில் எண் ஊஞ்சலாடுகிறது. மக்கள் இவ்வளவு வெளிப்படையாகப் பேசுவது என் அணுகுமுறையின் வெற்றி. இதைத் தனிக் கட்டுரையாக எழுதலாம்.

நவம்பர் 28

மேல் மாடியில் குழந்தை அழுகிறது. பிறந்து சில வாரங்கள்தான் ஆகியிருக்கும். தாய் தமாரா, பள்ளி ஆசிரியை, ஓரளவு ஆங்கிலம் பேசுவாள். புருஷன் கிரில் சிறையில் இருக்கிறானாம். 'சல்தோவ் தபால்' என்று நாலு பக்க வாரப் பத்திரிகை நடத்தியவன். அவன் உள்ளே போனதிலிருந்து பத்திரிகையும் வரவில்லை. பத்திரிகைச் சுதந்திரம் என்ற தலைப்பில் சேர்க்க வேண்டும்.

எனக்குக் குழந்தைகள் சத்தம் ஒத்துக்கொள்ளாது. எங்கள் வீட்டில் அதற்குப் பழகவும் வாய்க்கவில்லை. போனில் வடிவிடம் சும்மா சொல்லிவைத்தேன்.

"வயித்து வலியா இருக்கும். ஓமத் தண்ணி குடுக்கச் சொல்லுங்க."

"இங்க ஓமத்துக்கு எங்க போக?"

"ஒங்க பெட்டியில இடது பக்கம் டப்பாவுல வச்சிருக்கேன். ஒங்களுக்குன்னு வச்சேன். பெட்டியைப் பிரிக்கவே இல்லியா? இன்னும் என்னதான் செய்யுதிய அங்க?"

"ஒரு நாட்டை வகைப்படுத்துதேன், வடிவு."

"மொதல்ல பெட்டியை வகைப்படுத்துங்க."

ஓமம் கொண்டுபோய்க் கொடுத்தேன். அண்டை வீட்டாரோடு நல்லுறவு ஆய்வுக்கு அவசியம்.

டிசம்பர் 6

காலை 3.1. மாலை 6.0.

டிசம்பர் 13

வெளியே மைனஸ் பதினெட்டு. எதிர்ப்புறக் கட்டடங்களின் ஜன்னல்களிலும் விளக்கு எரிகிறது, சூடும் இருக்கிறது. நல்ல நகராட்சி என்று தமாராவிடம் பாராட்டிச் சொன்னேன். குழந்தை நீனா என் மடியில் இருந்தாள். வேறு யாரும் இல்லாததால்தான்.

தமாரா எழுந்துபோய்க் கதவைச் சாத்தினாள். பிறகு சொன்னாள்.

போன மேயர் தேர்தலில் ஜனாதிபதியின் கட்சி தோற்ற ஒரே வாக்குச்சாவடி இந்தக் கட்டடத்தினுடையது. அதற்கு முன் வேறு தெருக்களிலும் தோற்றிருக்கிறது, அந்தத் தெருக்கள் திருந்திவிட்டன. இந்த ஊரில் குளிர்காய வீட்டுக்கு வீடு கணப்பு கிடையாது. நகராட்சியின் பொதுக் கொதிகலனிலிருந்து குழாய் வழியாகச் சூடு வர வேண்டும். வால்வு மேயர் கையில். தேர்தலுக்கு மறுவாரம் இந்தக் கட்டடத்துக் குழாயில் 'பழுது' ஏற்பட்டது. மூன்று குளிர்காலமாகப் பழுது. எந்தத் தெரு எப்படி வாக்களித்தது, எந்தத் தெருவுக்குச் சூடு வருகிறது என்று கிரில் வரைபடம் போட்டுப் பத்திரிகையில் அச்சடித்தான். அரசு ரகசியத்தை வெளியிட்டதாக வழக்கு.

"நீங்கள் குடிவந்த அன்றைக்குத்தான் பழுது சரியானது" என்றாள். "நீங்கள் மார்க் போட்டு முடிக்கிற அன்றைக்குத் திரும்பவும் பழுதாகும். நல்ல மார்க் போட்டாலும்தான். வேலை முடிந்தபின் உங்களுக்கு எதற்கு வெந்நீர்? அதனால்தான் ஸ்டெபான் முறை வைத்திருக்கிறார். ஒரு நாள் ஒருவர் புகழ வேண்டும், மறுநாள் ஒருவர் திட்ட வேண்டும். நீங்கள் ஒரு முடிவுக்கு வரவே கூடாது. என் முறை நாளைக்கு. திட்டுகிற முறை. இன்றைக்கே சொல்லிவிட்டேன்."

பேட்டிகளை வைத்து எழுதத் தொடங்கிய கட்டுரையை எடுத்து வைத்துவிட்டேன். அணுகுமுறையின் வெற்றி என்ற தலைப்பு மட்டும் அழகாக இருந்தது.

டிசம்பர் 17

குடியிருப்போர் கூட்டம். கீழ்த்தளத்தில் துணி உலர்த்தும் அறையில். நான் கலந்துகொள்ளக் கூடாது, சுதந்திரமான மதிப்பீட்டாளன். எனவே தொங்கிய படுக்கை விரிப்புகளுக்குப் பின்னால் உட்கார்ந்து கலந்துகொள்ளாமல் இருந்தேன். சினைதா பக்கத்தில் உட்கார்ந்து கிசுகிசுப்பாக மொழிபெயர்த்தார்.

கேள்வி ஒன்றுதான். பேராசிரியருக்கு விஷயம் தெரிந்துவிட்டது. இனி அவரிடம் என்ன கேட்பது? உண்மையை எழுதச் சொல்வதா, வசந்தம் வரை இழுக்கச் சொல்வதா?

பல் டாக்டர் உண்மையை எழுத வேண்டும் என்றார். ஸ்டெபான் எழுந்து பதில் சொன்னார்.

"பல் மருத்துவர் அவர்கள், தமது மகளின் இல்லத்திற்குச் சென்று தங்கிவிடக் கூடியவர் என்பதால், வீரம் அவருக்கு மலிவு என்கிறார்" என்றார் சினைதா. "அதற்குப் பல் மருத்துவர், ஸ்டெபான் அவர்களின் தாயாரைக் குறித்து ஒரு சொல் கூறினார். அதனை வானொலியில் வாசிக்க அனுமதி இல்லை."

கடைசியில் எல்லோரும் தமாராவைப் பார்த்தார்கள். உண்மை வெளியானால் ஐரோப்பா அழுத்தம் கொடுக்கும், கிரில் வெளியே வரலாம். சூடு நின்றால் கைக்குழந்தை இருப்பதும் அவள் வீட்டில்தான். விரிப்பின் ஓரத்தை விலக்கிப் பார்த்தேன்.

"சிறையில் அவரைப் பார்த்துக் கேட்டேன்" என்றாள். "குழந்தை சூடாக இருக்கட்டும், உண்மை கெட்டுப்போகிற பொருள் இல்லை என்றார்." இழுப்பதற்கு ஆதரவாகக் கையைத் தூக்கினாள்.

பிறகு எல்லாக் கைகளும் எழுந்தன. எதிர்த்துக் கை தூக்கியவர் பல் டாக்டர் ஒருவர்தான். அவரை யாரும் அடிக்கவில்லை. அவருடைய எதிர்ப்பையும் பதிவு செய்தார்கள். இந்த நாட்டில் நான் பார்த்த ஒழுங்கான தேர்தல் இது ஒன்றுதான். நடந்தது சுண்ணாம்பு அடிக்காத ஓர் அறையில், ஈர உள்ளாடைகளுக்கு நடுவில்.

கண் கரித்தது. சோப்புத்தூளாக இருக்கும்.

டிசம்பர் 19

வியன்னாவிலிருந்து அஞ்சல்: ஜனவரிக்குள் மார்க் வர வேண்டும்.

அறிஞர்களைத் தாமதப்படுத்த ஒரே வழிதான் உண்டு, அவர்களிடம் நல்ல கேள்வி ஒன்றைக் கேட்பது. எழுதினேன்: "அரசு பயமுறுத்தாமலே மக்கள் பயந்தால், அந்தப் பயத்தை யார் கணக்கில் எழுதுவது? அரசின் கணக்கிலா, மக்களின் கணக்கிலா?"

டிசம்பர் 22

வியன்னா மகிழ்ச்சியில் இருக்கிறது. இதைப் பற்றி ஆராயத் துணைக்குழு அமைத்திருக்கிறார்கள்.

ஜனவரி 11

துணைக்குழுவில் பிளவு. பயத்தைப் பழக்கமான பயம், புதிய பயம் என்று பிரிக்க வேண்டும் என்று ஒரு பேராசிரியை. பிரித்தால் ராஜினாமா என்று இன்னொருவர். இருவருக்கும் தனித்தனியாக ஆதரவு தெரிவித்து எழுதினேன்.

மைனஸ் இருபத்தாறு. நீனா முதல் முறையாகச் சிரித்தாள். காற்றுப் பிரிந்ததாகவும் இருக்கலாம் என்று தமாரா சொன்னாள். எனக்குச் சிரிப்பாகத்தான் பட்டது. வடிவு இப்போதெல்லாம் போனை எடுத்ததும் "சாப்பிட்டியளா" என்று கேட்பதில்லை. "புள்ள தூங்குதா" என்று கேட்கிறாள்.

ஜனவரி 29

வியன்னாவிலிருந்து நாற்பது பக்கத்தில் பதில் வந்தது. பதினேழாம் பக்கத்து அடிக்குறிப்பைப் பற்றி ஒரு சந்தேகம் கேட்டிருக்கிறேன்.

பிப்ரவரி 12

துணை அமைச்சர் அர்செனி கார் அனுப்பிக் கூப்பிட்டார். அதே காப்பி.

"பயத்தைப் பற்றி நீங்கள் வியன்னாவுக்கு எழுதியதைப் படித்தேன். ரசித்தேன். போதும்." கோப்பையை மெதுவாகக் கீழே வைத்தார். "கடன் குழு மார்ச்சில் கூடுகிறது. அதற்கு முன் எண் வேண்டும். உங்கள் மேல் மாடிக்காரர் வழக்கு ஏப்ரலில் வருகிறது."

"தீர்ப்பு எப்படி இருக்கும்?"

"எங்கள் நீதிமன்றம் சுதந்திரமானது. ஏழு வருஷம் என்று சுதந்திரமாக முடிவு செய்திருக்கிறார்கள்."

"விசாரணைக்கு முன்பேயா?"

"எங்கள் ஊரில் வழக்குகள் தேங்குவதில்லை." பிறகு ஆதரவாக என் தோளைத் தொட்டார். "நாலுக்குக் கீழே எண் வந்தால் அன்று மாலையே கிரில் வீட்டுக்கு வருவார். பத்திரிகையும் நடத்திக்கொள்ளட்டும். கலப்பாட்சி என்றால் கொஞ்சம் கலக்கத்தானே வேண்டும்?"

என் கணக்குப்படி இந்த நாட்டின் மார்க் 5.4.

பிப்ரவரி 13

வடிவிடம் சொன்னேன்.

"அப்ப நம்பரை மாத்திருங்க."

"வடிவு, இது மளிகைச் சீட்டு இல்ல. ஆராய்ச்சி. நான் பொய் எழுதுனா நாளைக்கு ஒருத்தன் என் ஆராய்ச்சியை மதிப்பானா?"

"இன்னைக்கு எத்தன பேரு மதிக்காங்க?"

போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டேன்.

"பரீட்சையில முப்பத்திரெண்டு எடுத்தவனுக்கு மூணு மார்க் போட்டுப் பாஸாக்குவியள்லா? எந்தப் புள்ளையாவது ஃபெயிலாயி அழுதா ராத்திரி சோறு எறங்காது ஒங்களுக்கு. நாந்தானே பாத்துக்கிட்டிருக்கேன்."

"அது மூணு மார்க். இது ஒரு தேசம்."

"தேசமெல்லாம் எனக்குத் தெரியாது. அந்தப் புள்ளைக்கி அப்பன் வருவானா மாட்டானா?"

சிக்னல் சரியில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன். சிக்னல் நன்றாகத்தான் இருந்தது.

பிப்ரவரி 18

சினைதாவிடம் மட்டும் சொன்னேன். எண்ணைக் கொடுத்தால் கிரில் வருவான், சூடு போகும். இன்னும் ஒரு மாதக் குளிர் பாக்கி இருக்கிறது. இதற்கு இன்னொரு கூட்டம் போட்டால் அமைச்சர் காதுக்கு எட்டிவிடும். நானே முடிவெடுத்தால் நானும் ஒரு குட்டி ஜனாதிபதி. என்ன செய்ய?

"நான் மொழிபெயர்ப்பாளர் மட்டுமே" என்றார் சினைதா. "ஆண்டுக்கணக்காக மற்றவர்களின் பொய்களை வாசித்தவள். ஒன்றையாவது நானே தெரிவு செய்திருக்கலாம் என்று சில வேளைகளில் தோன்றும்."

பிப்ரவரி 19

காலையில் எழுந்தால் கட்டடம் முழுக்க மைதா வாசனை. வீட்டுக்கு வீடு பசை காய்ச்சிப் பழைய பேப்பரைக் கிழித்து ஜன்னல் இடுக்குகளில் ஒட்டிக்கொண்டிருக்கிறார்கள். சூடில்லாத மூன்று குளிர்காலப் பழக்கம், கை தானாக ஓடுகிறது. பல் டாக்டர் ஏணியைப் பிடிக்க, ஸ்டெபான் மேலே நின்றார். இருவரும் திட்டிக்கொண்டேதான் ஒட்டினார்கள்.

யாரும் என்னிடம் எதுவும் சொல்லவில்லை. சினைதா ஜன்னல் வழியே வானத்தைப் பார்த்தார். மதியம் ஸ்டெபான் பசைச் சட்டியோடு என் வீட்டுக்குள் வந்து, என் ஜன்னலையும் ஒட்டிவிட்டுப் போனார்.

பிப்ரவரி 21

மறுபரிசீலனை செய்தேன். ஓர் ஆய்வாளன் தன் முடிவுகளை மறுபரிசீலனை செய்வது இயல்பு.

தேர்தல்: எதிர்வேட்பாளர் ஜனாதிபதிக்கு வாக்குக் கேட்டதற்காக மார்க் குறைத்திருந்தேன். நட்பு ஒரு குற்றமா? திருத்தினேன். நீதித்துறை: தாமதம் அறவே இல்லை. பத்திரிகைச் சுதந்திரம்: இப்போது எந்தப் பத்திரிகையும் தடை செய்யப்படவில்லை, தடை செய்யத்தக்க பத்திரிகை எதுவும் வருவதில்லை. பொதுச் சேவைகள்: நான் குடிவந்த அன்றே பழுது நீங்கியது. கூட்டிப் பார்த்தேன். 4.06. நாட்டின் இயற்கை அழகுக்குத் தனித் தலைப்பு இல்லாதது நிறுவனத்தின் குறை. அதையும் ரசனையோடு கணக்கில் சேர்த்தேன்.

3.98. அனுப்பிவிட்டேன்.

பிப்ரவரி 22

மாலை ரேடியேட்டர் கடகடவென்று இருமி அடங்கியது. சற்று நேரத்தில் கீழே ஒரு கார் வந்து நின்றது. தாடியும் எலும்புமாக ஓர் ஆள் படியேறி வந்தான். இன்றும் எல்லா வீட்டுக் கதவும் திறந்திருந்தது. இம்முறை யாரும் குழாயைப் பார்க்கவில்லை.

நீனா தாடியைப் பார்த்து அலறினாள். என் கைக்கு வந்ததும் அடங்கினாள். நான் அவளைத் திருப்பிக் கொடுத்தேன். இரண்டு முறை கொடுக்க வேண்டியிருந்தது.

சமையல் கேஸ் அடுப்பின் நான்கு பர்னரையும் பற்றவைத்து எல்லோரும் தமாராவின் சமையலறையில் நெருக்கியடித்து உட்கார்ந்தோம். ஸ்டெபான் சொந்தமாகக் காய்ச்சியது ஏதோ ஊற்றினார். கிரில் என் பக்கத்தில் உட்கார்ந்து நிறையக் கேட்டான். எண் என்ன, முன்பு என்னவாக இருந்தது, எந்தத் தலைப்பில் எவ்வளவு மாறியது. பயல் நன்றாகக் கேட்கிறான், எந்தத் துணைக்குழுவிலும் சேர்க்கலாம். நட்பு ஒரு குற்றமா என்று நான் எழுதியதைச் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தான். சிரித்துக்கொண்டே குறித்துக்கொண்டான்.

பிப்ரவரி 26

'சல்தோவ் தபால்' மீண்டும் வந்துவிட்டது. முதல் பக்கத்தில் என் படம்.

போர்வையைப் போர்த்திக்கொண்டு சினைதா வானொலிக் குரலில் வாசித்தார்.

"தலைப்பு: வெந்நீர் மதிப்பீட்டாளர். 'எமது கட்டடத்தில் வசிக்கும் பேராசிரியர் நமது நாட்டிற்கு அளித்த மதிப்பெண் பொய்யானது. அவரது உண்மையான கணக்கு 5.4. அதனை அவரே என்னிடம் கூறினார். அவர் என் பொருட்டே பொய்யுரைத்தார் என்று என் மனைவி சொல்கிறாள். ஆம். எனில் என் விடுதலையும் அப்பொய்யின் ஒரு பகுதியே. அதனை மூடி மறைத்து வாழ்வதற்காக நான் சிறையை விட்டு வெளியே வரவில்லை.'" சினைதா கண்ணாடியைக் கழற்றினார். "இன்னும் இரண்டு பத்திகள் உள்ளன. அவற்றில் தங்கள் குளியல் குறித்து எழுதியிருக்கிறார்."

"தப்பா ஏதாவது எழுதியிருக்கானா?"

"ஒன்றே ஒன்று. தங்கள் வயது ஐம்பத்தெட்டு என்கிறார்."

எனக்கு ஐம்பத்து மூன்று. இதற்கு மட்டும் மறுப்பு அனுப்பலாம்.

ஸ்டெபான் கத்திக்கொண்டே மேல் மாடிக்கு ஓடினார். தமாரா என் வாசலில் வந்து நின்றாள், தோளில் நீனா. ஏதோ சொல்ல வாயெடுத்தாள். நான் நீனாவை வாங்கிக்கொண்டேன்.

வடிவுக்குப் போன் செய்து கட்டுரை முழுவதையும் சொன்னேன்.

"அவன் எழுதுனதுல என்ன தப்பு?" என்றாள். அடுத்த மூச்சில், "அவனத் திரும்பப் புடிச்சிருவானுவளோ?" என்றாள்.

அதுதான் எனக்கும் பயம். டிராம் நிறுத்தத்துப் பேப்பர் கடையில் நீளமான வரிசை. கடைக்கு எதிரே போலீஸ் ஜீப். பேப்பர் கட்டைத் தூக்கிக்கொண்டு போனார்கள் என்றால் கிரிலும் பின்னாலேயே போவான் என்று அர்த்தம். கீழே இறங்கிப் போய் வரிசையில் நின்றேன். என்னைத் திட்டி வந்த பத்திரிகை நன்றாக விற்க வேண்டும் என்று நான் வேண்டிக்கொண்டது இதுவே முதல் முறை. முன்னால் நின்ற பெண் பேப்பரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், நகர்ந்து இடம் விட்டாள். ஜீப்பிலிருந்து அதிகாரி ஒருவர் இறங்கினார். வரிசை பேச்சை நிறுத்தியது. யாரும் கலையவில்லை. அவர் ஒரு பேப்பர் வாங்கி, ஜீப்பில் சாய்ந்துகொண்டு படித்தார். குளியல் பத்திக்கு வந்திருக்க வேண்டும், சிரித்தார். மறுபடி ஏறி உட்கார்ந்துகொண்டார். ஜீப் கிளம்பவில்லை.

மாலைக்குள் பேப்பர் தீர்ந்துவிட்டது. எனக்கு ஒரு பிரதி கிடைத்தது. ஜீப் இப்போது எங்கள் வாசலுக்கு வந்து நிற்கிறது.

நாளை இந்தக் கட்டுரையை மொழிபெயர்த்து வியன்னாவுக்கு அனுப்ப வேண்டும். அரசின் மோசடியையும் அதற்குத் துணைபோன வெளிநாட்டானையும் ஒருவன் பெயர் போட்டுத் திட்டி எழுதுகிறான், கடையில் விற்கிறது, ஜனங்கள் வரிசையில் நின்று வாங்குகிறார்கள். பத்திரிகைச் சுதந்திரத்துக்கு நான் போட்ட மார்க் சரிதான் என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்? விடியும்வரை அவன் வீட்டில் இருந்தால், என் அறிக்கையில் ஒரு தலைப்பாவது உண்மையாகிவிடும்.

கட்டட வாசலில் ஸ்டெபான் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார். காலையில் கிரிலை அடிக்கப் போனவர். பக்கத்தில் பல் டாக்டர், தையல்காரி, போர்வையோடு சினைதா. படிக்கட்டை அடைத்துக்கொண்டு நாற்காலிகள். நானும் என்னுடையதை எடுத்துக்கொண்டு இறங்குகிறேன். சான்று கலைந்துவிடாமல் பார்த்துக்கொள்வதும் ஆய்வாளனின் வேலைதான்.